சிவப்புப் புள்ளிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்

பப்ஜி விளையாடின ஒருவருக்கு ரெட் டொட் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஏதோ ஒரு வீட்டுக்குள் ஓடிப்போய், தரையில் கிடக்கிற ரெட் டொட்டை எடுத்துத் துவக்கில் பூட்டினால், அதுவரை குறிபார்க்கச் சிரமப்பட்டவருக்கும் கொஞ்சம் தெம்பு வரும். அது கிடைக்காதவருக்கு மிஞ்சுவது துவக்கோடு கூடவே வருகிற அயன் சைட். கேமைப் பொறுத்தவரை இதில் விவாதமே இல்லை. ரெட் டொட் நல்லது, அயன் சைட் வேறு வழி இல்லாதவருக்கு. அவ்வளவுதான்.

நிஜத் துவக்குகளின் உலகத்தில் இது இவ்வளவு லேசாக முடிகிற கதை இல்லை. அமெரிக்காவில் "தற்காப்புக் கைத்துப்பாக்கி" வைத்திருப்பவர்கள் மத்தியில், அதன் மேலே இரும்புக் குறி இருக்க வேண்டுமா, சிவப்புப் புள்ளி இருக்க வேண்டுமா என்பது பல வருடமாக ஓயாத சண்டை. யூடியூபில் துவக்கு வீடியோ ஒன்றைத் தவறித் தட்டினாலே போதும், அடுத்த ஒரு கிழமைக்கு இந்தச் சண்டைதான் உங்கள் திரையில் வந்து நிற்கும்.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கருவியாகப் பார்த்தால் ரெட் டொட்தான் மேல். ஆனால் அது ஏன் மேல் என்பதற்கு விற்கிறவர்கள் சொல்கிற காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு. அந்த உண்மையான காரணத்தைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால், இந்தச் சண்டையே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் நடக்கிற சண்டை என்று விளங்கும்.

முதலில் சண்டை நடக்கிற இடத்தைப் பார்ப்போம். இலங்கையில் துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். எங்களுக்குத் தெரிந்த அனுமதி பெற்ற துவக்கு என்றால், பன்றியிடமிருந்து பயிரைக் காக்கத் தோட்டக்காரர் வைத்திருக்கும் குழல் துவக்குத்தான். "தற்காப்புக்கு ஒரு பிஸ்டல் வாங்கினேன், அதற்கு எந்த சைட் போடலாம்?" என்று கடையில் நின்று கதைக்கிற வாழ்க்கை எங்களுக்கு அந்நியம். அமெரிக்காவில் அது சாதாரணம். ஸ்மோல் ஆர்ம்ஸ் சேர்வே நிறுவனத்தின் 2017 மதிப்பீட்டின்படி அங்கே பொதுமக்களின் கையில் இருக்கும் துவக்குகள் சுமார் 39 கோடி. அதாவது 100 பேருக்கு 120. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிநபர் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் சொன்னது. அதை வெளியில் கொண்டு திரிவதும் உரிமை என்று 2022இல் புரூயென் வழக்கில் சொன்னது. பியூ ஆய்வு மையம் 2023இல் கேட்டபோது, துவக்கு வைத்திருப்பவர்களில் 72 வீதமானோர் பாதுகாப்புத்தான் முக்கிய காரணம் என்றார்கள். ஆகவே இது ஒருசில விசரர்களின் பொழுதுபோக்கு இல்லை. கோடிக்கணக்கான சாதாரண சனம் உண்மையாகவே யோசிக்கிற விஷயம்.

இரும்புக் குறி கேட்பது என்ன?

வீதியில் நிற்கிற சிப்பாயின் டி-56 துவக்கைப் பார்த்திருப்பீர்கள். குழலின் நுனியில், ஒரு வளையத்துக்குள், சின்னதாக ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கும். அது முன்குறி. கண்ணுக்குக் கிட்ட இருக்கும் வெட்டுள்ள தகடு பின்குறி. கைத்துப்பாக்கியிலும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சிறிது. பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே முன்குறி வர வேண்டும், இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அவை இரண்டும் இலக்கின் மேல் இருக்க வேண்டும்.

சொல்ல இலகு. செய்யப் போனால் கண் இடம் கொடுக்காது. பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன. மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இப்போதே செய்து பாருங்கள்: கையை நீட்டிப் பெருவிரல் நகத்தை உற்றுப் பாருங்கள், பின்னாலுள்ள சுவர் மங்கும். சுவரைப் பாருங்கள், நகம் மங்கும். மூன்றில் எதைத் தெளிவாகப் பார்ப்பது? பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் சொன்ன பதில், முன்குறியை. 1976இல் அரிசோனாவில் கைத்துப்பாக்கிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பரின் வழி வந்தவர்களுக்கு இது வேதம் மாதிரி. இலக்கு மங்கலாக இருக்கட்டும், முன்குறி கூராகத் தெரியட்டும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. குளொக் 17 பிஸ்டலில் இரண்டு குறிகளுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 165 மில்லிமீற்றர். முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால், 7 மீற்றரில் ரவை 4 சென்ரிமீற்றர் விலகும். 25 மீற்றரில் 15 சென்ரிமீற்றர் விலகும். ஒரு மில்லிமீற்றர்தான், ஆனால் தூரம் கூடக்கூட அது பெருகிக்கொண்டே போகும். நாற்பது வயது தாண்டி, பேப்பரைத் தூரத்தில் பிடித்து வாசிக்கத் தொடங்கியவருக்கு முன்குறியைக் கூராகப் பார்ப்பதே பாடாகிவிடும்.

சிவப்புப் புள்ளி செய்வது என்ன?

ஒரு குழப்பத்தை முதலில் தீர்ப்போம். படங்களில் ஒருவரின் நெஞ்சில் சிவப்பு வெளிச்சம் விழுமே, அது லேசர். ரெட் டொட் அது இல்லை. ரெட் டொட்டில் எதிரில் நிற்பவரின் மேல் எதுவும் விழாது. துவக்கின் மேலே தபால் முத்திரை அளவில் ஒரு கண்ணாடி. அதன் பின்னால் ஒரு சின்ன எல்ஈடி விளக்கு. அந்தக் கண்ணாடியின் பூச்சு சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும், மற்ற ஒளியைப் போகவிடும். வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சிவப்புக் கதிர்கள் சமாந்தரமாக வருவதால், புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பது போல் அல்லாமல், தூரத்தில் இலக்கின் மேலேயே இருப்பது போல் கண்ணுக்குத் தெரியும்.

நட்சத்திர ஒளி எங்களை வந்து சேர்வதும் ஏறத்தாழ இப்படிச் சமாந்தரமாகத்தான். அதனால்தானோ என்னவோ, இதை யோசித்தவர் வானத்தொலைநோக்கி செய்கிறவராக இருந்தார். அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ஹோவர்ட் கிரப். கிரீன்விச் வானாய்வு நிலையத்தின் 28 அங்குலத் தொலைநோக்கியைச் செய்தவர் அவர்தான். 1900இல் இந்தக் குறிநோக்கியின் தத்துவத்துக்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களில் அது சாதாரணமானது. ஆனால் கையில் பிடிக்கும் துவக்குக்கு வர இன்னும் காலம் எடுத்தது, ஏனென்றால் சின்னதாக, மின்சாரம் அதிகம் குடிக்காத ஒரு விளக்கு வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்ஈடி 1962இல்தான் வந்தது. 1970களின் நடுப்பகுதியில் சுவீடனின் எய்ம்பொயின்ற் நிறுவனம் அதை வைத்து ரெட் டொட் செய்து விற்கத் தொடங்கியது. முதலில் ரைபிள்களுக்கு, பிறகு போட்டிச் சுடுநர்களின் பிஸ்டல்களுக்கு. சாதாரண பிஸ்டலின் மேல்பாகத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் அடிபடுவதைத் தாங்குகிற சிறிய ரகங்கள் வந்தது அண்மைக் காலத்தில்தான். ட்ரைஜிகொன் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் 2009இல் வந்தது. குளொக் நிறுவனம் 2015இல் ரெட் டொட் பூட்டுவதற்கென்றே வெட்டிய பிஸ்டலை விற்றது. 2017இல் அமெரிக்க இராணுவம் தெரிவு செய்த எம்17 பிஸ்டலிலும் அதற்கென இடம் விட்டிருக்கிறார்கள்.

இதனால் சுடுகிறவருக்கு என்ன மாற்றம்? மூன்றை ஒரு கோட்டில் கொண்டுவரும் வேலை ஒன்றாகக் குறைகிறது. புள்ளி எங்கே தெரிகிறதோ, ரவை அங்கே. கண் முன்குறியைத் தேட வேண்டாம், இலக்கையே பார்த்துக்கொண்டிருக்கலாம். வெள்ளெழுத்து வந்தவருக்கு இது பெரிய நிம்மதி.

இரும்புக்காரரின் பக்கத்தில் நியாயம் இல்லையா?

இருக்கிறது, நிறையவே. கேமில் துவக்கைத் தூக்கினால் புள்ளி நடுவில் வந்து நிற்கும். நிஜத்தில் மணிக்கட்டு ஒரு பாகை சரிந்தாலும் கண்ணாடியில் புள்ளி இருக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் துவக்கை மேலும் கீழும் ஆட்டிப் புள்ளியைத் தேடுவதைப் பயிற்சி இடங்களில் சாதாரணமாகக் காணலாம். இரும்புக் குறியில் கை சரிந்தால், எந்தப் பக்கம் சரிந்தது என்றாவது தெரியும். காணாமல் போன புள்ளி எந்தப் பக்கம் போனது என்று சொல்லாது. ஆயிரக்கணக்கான தடவை உறையிலிருந்து எடுத்து எடுத்துப் பழகினால்தான் அது தானாக வந்து கண்ணில் நிற்கும்.

பிறகு பற்றரி. பலவற்றில் இருப்பது கணினியின் மதர்போர்டில் இருக்கும் அதே சில்லறைக் காசு அளவிலான சிஆர் 2032. வருடக் கணக்கில் வேலை செய்யும்தான், ஆனால் தீருகிற நாளை முன்கூட்டியே சொல்லாது. விளக்குத் திறந்திருக்கும் ரகங்களில் ஒரு மழைத்துளியோ பஞ்சுத் துணுக்கோ விழுந்தால் புள்ளி சிதறும். கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் உள்ளவருக்கு வட்டப் புள்ளி வால்முளைத்த கோடாகத் தெரியும். விலையும் இருக்கிறது. பெயர்பெற்ற ரகங்கள் நானூறு, ஐந்நூறு டொலர். சில பிஸ்டல்களின் விலையே அவ்வளவுதான். இரும்புக் குறிக்கோ பற்றரியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, கீழே விழுந்தால் துடைத்துவிட்டு எடுக்கலாம்.

ஆகவே கருவி பற்றிய என் தீர்ப்பு இது. ஒழுங்காகப் பழகத் தயாராக இருப்பவருக்கு ரெட் டொட், அது செத்தால் உதவ உயரமான இரும்புக் குறியும் கூடவே. வாங்கி இலாச்சிக்குள் போட்டுவிட்டு வருடத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பார்க்கிறவருக்கு ரெட் டொட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. உண்மையில் அப்படிப்பட்டவருக்கு இரண்டாலும் பிரயோசனம் இல்லை.

பிழைக்கிற வெடிகள்

"புள்ளி இருந்தால் வேகமாக, சரியாகச் சுடலாம்." விளம்பரங்களின் சாரம் இதுதான். பயிற்சித் திடலில், நேரம் இருக்கும்போது, அசையாத அட்டையைப் பார்த்துச் சுடும்போது இது உண்மை. வீதியில்?

நியூயோர்க் பொலிஸாரின் பயிற்சி பற்றி ராண்ட் நிறுவனம் 2008இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரையான தரவுகளின்படி, எதிரில் இருப்பவரும் திருப்பிச் சுடும் சந்தர்ப்பங்களில், பொலிஸார் சுட்ட வெடிகளில் இலக்கில் பட்டது 18 வீதம். எதிரில் இருப்பவர் திருப்பிச் சுடாத சந்தர்ப்பங்களில் 30 வீதம். இவர்கள் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற உத்தியோகத்தர்கள்.

2012 ஓகஸ்ட் 24 காலை, எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, முன்னாள் சக ஊழியரைக் கொன்றுவிட்டு நடந்து வந்த ஒருவர் பொலிஸாரைக் கண்டதும் பிஸ்டலை எடுத்தார். இரண்டு பொலிஸார் சில அடி தூரத்திலிருந்து 16 வெடி சுட்டார்கள். அவர் இறந்தார். அந்த வழியால் போய்க்கொண்டிருந்த ஒன்பது பேர் காயப்பட்டார்கள். அந்த ஒன்பது பேருமே பொலிஸாரின் ரவைகளாலும் அவற்றின் சிதறல்களாலும் காயப்பட்டவர்கள்.

இந்தத் தரவை ரெட் டொட்காரர் தன் பக்கம் இழுப்பார்: "பார், இரும்புக் குறியால் இவ்வளவுதான் முடியும்." இரும்புக்காரர் தன் பக்கம் இழுப்பார்: "அந்த நேரத்தில் எவனும் எந்தக் குறியையும் பார்ப்பதில்லை, பிறகென்ன புள்ளி?" இந்த இரண்டாவது வாதம் புதியதும் இல்லை. 1942இலேயே, ஷாங்காய் நகரப் பொலிஸில் வேலை செய்த வில்லியம் ஃபேர்பேர்னும் எரிக் சைக்ஸும் எழுதிய பயிற்சி நூலில், கிட்டத்தூரத்தில் குறியே பார்க்காமல் உடம்பின் போக்கில் சுடப் பழக்கினார்கள். இருட்டு, பயம், அவகாசமின்மை மூன்றும் சேர்ந்தால் குறிபார்க்க நேரம் எங்கே என்பது அவர்களின் அனுபவம்.

நான் இதிலிருந்து எடுப்பது ஒன்றைத்தான். இதயம் தொண்டைக்குள் அடிக்கும்போது சுடுவதும், அட்டையைப் பார்த்துச் சுடுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதில் கிடைக்கிற வித்தியாசத்தைக் காட்டி முதலாவதுக்குப் பொருள் விற்கிறார்கள்.

அப்ப, ரெட் டொட் உண்மையில் ஏன் மேல்?

நான் முதலில் சொன்ன "உண்மையான காரணம்" இதுதான். இரும்புக் குறி, ஒரு உயிர் போகுமா இல்லையா என்ற கணத்தில், எதிரில் நிற்கும் மனிதரிடமிருந்து கண்ணை எடுத்து ஒரு கம்பியின் மேல் வைக்கச் சொல்கிறது. கம்பி கூராகத் தெரியும், மனிதர் மங்குவார். அவர் கையில் இருப்பது என்ன, கையை உயர்த்துகிறாரா, திரும்பி ஓடுகிறாரா, எல்லாம் அந்த மங்கலுக்குள். ரெட் டொட்டோ மனிதரையே பார்த்துக்கொண்டிருக்க விடுகிறது. அவருடைய கை கூராகத் தெரியும்.

அதாவது ரெட் டொட்டின் பெரிய நன்மை சுடுவதில் இல்லை. சுடாமல் விடுவதில் இருக்கிறது. கடைசி நொடியில் "இது பிஸ்டல் இல்லை, போன்" என்று கண்டுகொள்ளக் கொஞ்சம் கூடுதல் இடம் தருகிறது. "மேலும் ஒரு நொடி பார்க்கலாம்" என்று எழுதினால் பொருள் விற்காது, "ஒரு நொடி முந்திச் சுடலாம்" என்று எழுதினால் விற்கும் போல.

ஆனால் இங்கேயும் சந்தோஷப்பட்டு நின்றுவிட முடியாது. கண் பார்ப்பது மட்டும் போதாது, மூளை அதை என்னவென்று வாசிக்கிறது என்பது இருக்கிறது.

1999 பெப்ரவரி 4, நள்ளிரவு தாண்டிய நேரம், நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதி. கினியிலிருந்து வந்த 23 வயது அமடு டியாலோ தன் வீட்டு வாசலில் நின்றார். சிவில் உடையில் வந்த நான்கு பொலிஸார் அவரை நெருங்கினார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தார். துவக்கு என்று நினைத்து நான்கு பேரும் 41 வெடி சுட்டார்கள். 19 பட்டது. கையில் இருந்தது பேர்ஸ். நான்கு பேரும் அடுத்த வருடம் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள்.

2014 நொவெம்பர் 22, கிளீவ்லாந்து. 12 வயது டமிர் ரைஸ் ஒரு பூங்காவில் விளையாட்டுத் துவக்கோடு நின்றான். பொலிஸுக்கு அழைத்துச் சொன்னவர், அது பொய்த் துவக்காக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் வாகனத்தில் போன பொலிஸாருக்குப் போய்ச் சேரவில்லை. வாகனம் வந்து நின்று இரண்டு நொடிக்குள் அவன் சுடப்பட்டான். அடுத்த நாள் இறந்தான்.

இந்த இரண்டு இடத்திலும் எந்தக் குறிநோக்கி இருந்திருந்தால் நல்லது? கேள்வியே அபத்தமாகக் கேட்கிறது இல்லையா? அதுதான் விஷயம். பிழை நடந்தது குழலின் நுனியில் இல்லை. எதிரில் நிற்பவர் யார் என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட மனதில்.

இதை ஆய்வுகூடத்திலும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஒரு கேம் மூலமாக. உளவியலாளர் ஜொஷுவா கொரெலும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் ஒரு ஆள் தோன்றுவார். கையில் துவக்கு இருக்கலாம், அல்லது போன், பேர்ஸ், சோடாத் தகரம் ஏதாவது இருக்கலாம். துவக்கு என்றால் சுடு, இல்லை என்றால் விடு. ஒரு நொடிக்கும் குறைவான நேரம். நிராயுதபாணியாக நிற்பவர் கறுப்பினத்தவராக இருந்தால், வெள்ளையரைவிட அவரைத் தவறாகச் சுடுவது கூடியது. அவர்கள் குறிதவறவில்லை. குறி பார்க்கும் வேலையே அந்தக் கேமில் இல்லை, இரண்டு பட்டன்தான். தவறியது தீர்மானம்.

இப்போது பப்ஜிக்கு ஒருக்கால் திரும்பி வாருங்கள். அங்கே ரெட் டொட் பற்றிய கேள்வி ஏன் அவ்வளவு லேசாகத் தீர்ந்தது? உங்கள் ஸ்குவாட்டில் இல்லாத ஒவ்வொருவரும் எதிரி என்று கேமே உங்களுக்காக முடிவு செய்து தந்துவிட்டது. சுடலாமா என்ற கேள்வி இல்லாத உலகத்தில், எதால் சுடலாம் என்ற கேள்வி மட்டும்தான் மிஞ்சும். என் முறைப்பாடு கேமின் மேல் இல்லை, அது கேம். நிஜ மனிதர்கள், நிஜ ரவையோடு, அதே உலகத்தில் நின்றுகொண்டு சைட் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பதுதான் எனக்கு இடிக்கிறது. அந்த வீடியோக்களில் எதிரில் நிற்பது எப்போதும் ஒரு அட்டை. அட்டைக்குக் கையும் இல்லை, பேர்ஸும் இல்லை, அம்மாவும் இல்லை.

வீட்டுக்குள் நடப்பது

தற்காப்பு என்ற சொல்லையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 2021இல் துவக்குகளால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள், பாதிக்கும் மேல். கலிபோர்னியாவில் ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இலட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையால் இறக்கும் வாய்ப்பு, துவக்கில்லாத வீடுகளில் வாழ்பவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தங்கள் துணையாலேயே சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு அளவில். அப்படி இறந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

இந்த மரணங்களில் குறிநோக்கிக்கு இடமே இல்லை. துவக்கு வாங்கியவர் கற்பனை செய்த முகமூடித் திருடன் வருவது அரிது. துவக்கோடு ஒரே கூரையின் கீழ் ஒவ்வொரு நாளும் இருப்பது அந்த வீட்டின் சண்டை, குடி, மனச்சோர்வு, விளையாடும் பிள்ளை.

"அப்படியென்றால் வீட்டை உடைத்து வருபவனிடம் தனியாக இருக்கும் பெண் என்ன செய்வாள்? கிராமத்தில் பொலிஸ் வர அரை மணித்தியாலம் எடுக்கும் இடத்தில் இருப்பவர் என்ன செய்வார்?" என்று கேட்பவர்களை நான் ஏளனம் செய்யப் போவதில்லை. பயம் பொய் இல்லை. தற்காப்புக்குத் துவக்கு உதவிய சம்பவங்களும் உண்டு. ஆனால் அப்படிப்பட்டவருக்கும், நானூறு டொலர் கையில் இருந்தால் அதைச் செலவழிக்க வேண்டிய வரிசை வேறு. முதலில் பிள்ளையின் கை போகாத பூட்டுள்ள பெட்டி. அடுத்தது ஒரு நல்ல டோர்ச். இருட்டில் நடமாடும் உருவம் திருடனா, தண்ணீர் குடிக்க எழும்பிய மகனா என்பதை ரெட் டொட்டும் சொல்லாது, அயன் சைட்டும் சொல்லாது, வெளிச்சம்தான் சொல்லும். மூன்றாவது, சுடப் பழக்குவதோடு சுடாமல் இருக்கவும் பழக்குகிற ஒரு பயிற்சி. இவ்வளவும் முடிந்து காசு மிஞ்சினால் புள்ளியைப் பற்றி யோசிக்கலாம்.

எங்களுக்கு என்ன?

அமெரிக்கனின் பிஸ்டலுக்கு எந்த சைட் போட்டால் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றுமில்லைதான். ஆனால் அந்தச் சண்டையின் மொழி எங்கள் போனுக்குள் வந்துவிட்டது. துவக்கைக் கமராவைப் போல, பைக்கைப் போல, எந்தப் பாகம் மாற்றலாம் என்று ரசிக்கிற ஒரு பொருளாகப் பார்க்கும் பழக்கம் அதோடு வருகிறது. நுட்பத்தை ரசிப்பதில் பிழை இல்லை. கிரப்பின் கண்ணாடி உண்மையாகவே அழகான யோசனை, அதை எழுதும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் துவக்கைப் பற்றிய எல்லாப் பேச்சும் பின்குறியின் பக்கத்தில் நின்றுதான் நடக்கிறது. சுடுகிறவரின் கண், சுடுகிறவரின் வயது, சுடுகிறவரின் வேகம். முன்குறிக்கு அப்பால் நிற்பவருக்கு அந்த உரையாடலில் கதிரை இல்லை. போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், எங்கட சனத்தில் பெரும்பாலானோருக்குத் துவக்கோடு இருந்த உறவு அப்பால் நிற்கிற உறவுதான். அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விடும்போது மெதுவாக, தெரிகிற மாதிரி விட வேண்டும் என்று வீட்டில் சொல்லித் தந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. டியாலோவின் பேர்ஸைப் பற்றி வாசிக்கும்போது அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அந்த இடத்தில் நின்று பார்த்தவர்கள் இந்த விவாதத்துக்குக் கொடுக்கக்கூடியது ஒரு அளவுகோல். எந்தக் குறிநோக்கி வேகமானது என்று கேட்காதீர்கள். எது அப்பால் நிற்பவரின் கையைத் தெளிவாகப் பார்க்க விடுகிறது என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் சிவப்புப் புள்ளி ஒரு அடி முன்னால் நிற்கும், டோர்ச் பத்து அடி முன்னால் நிற்கும், துவக்கை எடுக்காமலே கதவைப் பூட்டிவிட்டு உதவிக்கு அழைத்தவர் எல்லாருக்கும் முன்னால் நிற்பார்.